சாரல் காற்றும் கயத்தாற்று ஓடுபாதையும்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலத்திற்கு வருகின்றவர்கள் அருவியைப் பார்க்கிறார்கள். அருவியைக் கொண்டுவந்த காற்றை நினைப்பதில்லை. அரபிக் கடலில் பிறந்த அந்தத் தென்மேற்குக் காற்று, மலையாள நாட்டில் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியே நம் பக்கம் நுழைகிறது. எஞ்சியிருக்கும் ஈரத்தைக் குற்றாலத்திலும் தென்காசியிலும் சாரலாகத் தூவுகிறது. அதன்பின் ஈரமற்ற வெறுங்காற்றாகச் சுரண்டையையும் தேவர்குளத்தையும் கடந்து கிழக்கே விரைந்து, கயத்தாற்றுப் பொட்டலை அடைகிறது. தென்காசியில் நம் முகத்தைக் குளிர்வித்த அதே காற்று, கயத்தாற்றில் கண்ணில் புழுதியைத் தூவும்.

அந்தக் காற்றை நம்பி இன்று அவ்வட்டாரமெங்கும் காற்றாலைகள் நிற்கின்றன. பங்குப் பணியின் பொருட்டு அவ்வழியே பலமுறை பயணம் செய்திருக்கிறோம். பேருந்தின் சன்னலோரம் அமர்ந்து, சுழலும் இறக்கைகளை எண்ணிக்கொண்டே போவது நமக்கும் வழக்கந்தான். ஆனால் அக்காற்றாலைகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, அதே வானத்தையும் அதே வெட்டவெளியையும் நாடி வேறொன்று அங்கே வந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆங்கில அரசு கயத்தாற்றில் ஒரு விமானத்தளத்தை அமைத்தது. போர் முடிந்தது, விமானங்கள் போயின, ஓடுபாதை மட்டும் கேட்பாரற்றுக் கிடந்தது. நம் பகுதி மக்களுள் பலருக்கு அப்படி ஒன்று உண்டென்பதே தெரியாது. தெரிந்தவர்களும், அது ஏன் அங்கே வந்தது என்று கேட்டதில்லை. நாமும் நெடுநாள் கேட்டதில்லை.

கேட்க வைத்தவர் ஒரு மூதாட்டி.

*கேளாமல் விட்ட கதை*

நாம் குருத்துவப் பணியில் நுழைந்த தொடக்க ஆண்டுகளில், கரிசல் பக்கத்துப் பங்கு ஒன்றில் பணியாற்றினோம். மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் இல்லங்களுக்கு நற்கருணை கொண்டு செல்வது வழக்கம். அவ்வாறு சென்ற ஒரு வீட்டில், கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்த ஒரு பாட்டி நற்கருணை வாங்கியபின் நம் கையைப் பிடித்துக்கொண்டார். மேலே ஒரு விமானம் இரைந்துகொண்டு போயிற்று. அந்த ஓசையைக் கேட்டுச் சிரித்தார். "ஆகாசத்துல போற கப்பலுக்கு நாங்கதான் சாமி தரையில ரோடு போட்டோம். கல்லு சுமந்து சுமந்து குறுக்கு ஒடிஞ்சுபோச்சு" என்றார்.

அன்று இன்னும் நான்கு வீடுகள் பாக்கியிருந்தன. "அடுத்த மாசம் வந்து கேட்கிறேன் பாட்டி" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டோம். அடுத்த மாதம் அவர் இல்லை. பங்கின் அடக்கப் பதிவேட்டில் அவருடைய பெயரையும், கணவர் பெயரையும், குத்துமதிப்பாக ஒரு வயதையும், இறந்த நாளையும் அடக்க நாளையும் நம் கையாலேயே எழுதினோம். பதிவேட்டில் அவ்வளவுக்குத்தான் கட்டங்கள் உண்டு. கல் சுமந்த செய்திக்கு அதில் இடமில்லை.

அவர் சொல்லாமல் போனதை இனி யாராலும் மீட்க முடியாது. ஆனால் அவர் தலையில் அந்தக் கல்லை ஏற்றிவைத்தது எது என்பதையேனும் தேடி அறிவது நம் கடன் என்று தோன்றியது. அத்தேடலில் கண்டவற்றையே இங்கு வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

*உயிர்ப்பு ஞாயிறு, 1942*

கயத்தாற்றின் கதை கயத்தாற்றில் தொடங்கவில்லை. கடலுக்கு அப்பால் தொடங்குகிறது. 1941 டிசம்பரில் ஜப்பான் போரில் இறங்கியது. 1942 பிப்ரவரி 15 அன்று, வெல்ல முடியாத கோட்டை என்று ஆங்கிலேயர் பெருமை பேசிய சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8 அன்று இரங்கூன் வீழ்ந்தது. அதே மாதம் 23ஆம் நாள் அந்தமான் தீவுகள் ஜப்பானியர் வசமாயின. நான்கு மாதங்களுக்குள் வங்கக் கடலின் கிழக்குக் கரையில் பெரும்பகுதி ஜப்பானியர் பக்கமாயிற்று. அதுவரை போர் என்றாலே வடமேற்குக் கணவாய்களை மட்டும் நோக்கிக்கொண்டிருந்த இந்திய அரசு, தன் தென்முனை திறந்து கிடப்பதைத் திடீரென்று கண்டது.

அந்த ஆண்டு ஏப்ரல் 4, புனித சனி. இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கல என்னும் ஏரித் தளத்திலிருந்து புறப்பட்ட கேட்டலினா வகைக் கடல் விமானம் ஒன்று, மாலை நேரத்தில் தென்கிழக்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டது. அதை ஓட்டியவர் லெனார்ட் பர்ச்சால் என்னும் கனடா நாட்டு விமானி. அவர் கம்பியில்லாத் தந்தி வழியே செய்தி அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. ஒன்பது பேரில் மூவர் மாண்டனர். அவர் உள்ளிட்ட அறுவர் சிறைப்பட்டனர். ஆனால் செய்தி கொழும்பை எட்டிவிட்டது.

மறுநாள் உயிர்ப்பு ஞாயிறு. கிறிஸ்தவர்கள் விழாக் கொண்டாடிய அந்தக் காலைப் பொழுதில், நூற்றுக்கு மேற்பட்ட ஜப்பானிய விமானங்கள் கொழும்புத் துறைமுகத்தையும் இரத்மலானை விமான நிலையத்தையும் தாக்கின. அங்கொட என்ற இடத்திலிருந்த மனநல மருத்துவமனை மீதும் குண்டுகள் விழுந்து நோயாளிகள் மடிந்தனர். அன்று பிற்பகலில் கார்ன்வால், டோர்செட்சயர் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் நடுக்கடலில் மூழ்கடிக்கப்பட்டு 424 பேர் உயிரிழந்தனர். ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் 307 பேரோடு மூழ்கியது. 2019ஆம் ஆண்டின் உயிர்ப்பு ஞாயிறன்று கொழும்பு ஆலயங்களில் சிந்திய இரத்தத்தைக் கண்ட நம் தலைமுறைக்கு, அந்த முதல் உயிர்ப்பு ஞாயிற்றின் அதிர்ச்சியை விளக்க வேண்டியதில்லை.

இடையில், ஏப்ரல் 6 அன்று, அப்போது சென்னை மாகாணத்தில் இருந்த விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரம் நடுங்கியது. மக்கள் பெருந்திரளாக உள்நாட்டு ஊர்களுக்குப் புறப்பட்டனர். அரசு அலுவலகங்களே இடம் பெயர்ந்தன. குண்டு வீச்சில் கூண்டுகள் உடைந்தால் ஆபத்து என்று விலங்குக் காட்சி சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றனர். தென்பாண்டிக் கடற்கரை மக்களுக்கோ கொழும்பு அயல்நாடு அன்று. தூத்துக்குடியில் கப்பலேறினால் கொழும்பில் இறங்கலாம். பலருக்கு அங்கே கடை உண்டு, வேலை உண்டு, உறவினர் உண்டு. கொழும்பில் விழுந்த குண்டு அவர்களுக்குத் தங்கள் வீட்டுக் கூரையில் விழுந்தது போலவே இருந்தது.

*பொட்டல்களில் எழுந்த தளங்கள்*

கொழும்புத் தாக்குதலில் ஒரு சிறு செய்தி கவனிக்கத்தக்கது. நகரின் குதிரைப் பந்தயத் திடலை ஆங்கிலேயர் அவசர அவசரமாக விமான ஓடுபாதையாக மாற்றியிருந்தனர். ஜப்பானியர் அதை அறியவில்லை. ஆகவே அங்கிருந்து எழுந்த விமானங்கள் தாக்கப்படாமல் வானேற முடிந்தது. பெரிய நகரத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே விமான நிலையத்தை நம்பியிருப்பதைவிட, எதிரி அறியாத இடங்களில் பல சிறு தளங்களை வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற பாடத்தை அந்நாள் தெளிவாக்கியது.

1942இல் இந்தியா முழுவதும் இருநூறுக்கும் மேற்பட்ட விமானத்தளங்களைக் கட்டும் பெருந்திட்டம் தொடங்கியது. தமிழகத்தில் சோழவரம், தாம்பரம், அரக்கோணம், உளுந்தூர்பேட்டை, தஞ்சாவூர், செட்டிநாடு, இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளி, கோயம்புத்தூரை அடுத்த சூலூர், கயத்தாறு எனப் போர்க்காலத் தளங்கள் வரிசையாக அமைந்தன. பட்டியலைக் கூர்ந்து பார்த்தால் பெரும்பாலும் நாட்டுப்புறம். வானம் பார்த்த பூமி. மரமும் மனையும் குறைந்த வெளி. ஆனால் பெருஞ்சாலையோ இரயில் பாதையோ எட்டும் தொலைவு. கயத்தாற்றுக்கு இவையெல்லாம் பொருந்தின. மதுரை–திருநெல்வேலிப் பெருஞ்சாலை ஊரை ஒட்டிச் செல்கிறது. கடம்பூர் இரயில் நிலையம் அருகே உள்ளது. தூத்துக்குடித் துறைமுகம் எட்டிவிடும் தூரந்தான். ஆனால் கடலிலிருந்து பார்க்கும் கண்ணுக்குத் தெரியாத உள்நிலம்.

ஓடுபாதை என்றால் புல்லைச் செதுக்கி மண்ணைச் சமன் செய்தால் போதும் என்று நினைக்கலாம். கோடைக்கு அது போதும், மழைக்குப் போதாது. அக்காலத்து லிபரேட்டர் போன்ற நான்கு எஞ்சின் விமானம் நிறைசுமையோடு 25 டன்னுக்கும் அதிகமான எடை உடையது. அது வேகமாக வந்து இறங்கும்போது தரை தாங்க வேண்டும். கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசலின் இயல்பு நம் உழவர்களுக்குத் தெரியும். மழை பெய்தால் குழைந்து காலைப் பிடிக்கும். வெயில் காய்ந்தால் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும். அத்தகைய மண்ணில் அடிக்கு அடி கல்லும் சரளையும் பரப்பி, இடித்து இறுக்கி, மேலே தளமிட வேண்டும். மண்வாரி இயந்திரங்கள் போரின் தொடக்கத்தில் இந்தியாவில் மிகக் குறைவு. பாறையை உடைத்தது சம்மட்டி. சுமந்தது சும்மாடும் கூடையும். உடைத்தவர்கள் ஆண்கள், சுமந்தவர்களில் பெரும் பகுதியினர் பெண்கள். நாடெங்கும் தளங்கள் இவ்வாறே எழுந்தன. "குறுக்கு ஒடிஞ்சுபோச்சு" என்ற சொல்லுக்கு உரை இதுதான்.

நிலத்திற்கும் சட்டம் இருந்தது. 1939இல் இயற்றப்பட்ட இந்தியப் பாதுகாப்புச் சட்டமும் அதன் விதிகளும், போர்த் தேவைக்கு எந்த நிலத்தையும் எடுத்துக்கொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தன. இழப்பீடு உண்டு என்பது உண்மை. ஆனால் அதே ஆண்டுகளில் பணத்தின் மதிப்பு மளமளவென்று சரிந்தது. பர்மா அரிசி நின்றுபோனதால் தானிய விலை ஏறியது. திருவிதாங்கூரில் பஞ்சமே தலைகாட்டியது. கையில் வந்த காசு, கைவிட்டுப்போன நிலத்துக்கு ஈடாகுமா? கூலி கிடைத்ததே என்று மகிழ்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். பசிக்கிற காலத்தில் கூலி சிறிய காரியமன்று. ஒருவருடைய பிழைப்பும் மற்றொருவருடைய இழப்பும் அந்த ஒரே பொட்டலில் அருகருகே நின்றன.

*பறவைகளின் பெயர்கள்*

இத்தளங்களின் வரலாற்றில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஆங்கிலக் கடற்படை தன் விமானத்தளங்களைத் தரையில் இருந்தாலும் 'கப்பல்' என்றே அழைத்தது. அவற்றிற்குப் பறவைகளின் பெயரைச் சூட்டியது. இந்தியாவுக்கு வந்தபோது அந்தந்த மண்ணின் மொழியிலேயே பெயர் தேடியது. கோயம்புத்தூரில் அமைந்த விமானப் பழுதுபார்ப்பு நிலையம் 'கருடா' ஆயிற்று. கொச்சித் தளம் 'கழுகு' ஆயிற்று. 1944, 1945 ஆண்டுகளில் தாம்பரம் 'வல்லூறு' என்றும் சூலூர் 'வைரி' என்றும் கடற்படைப் பெயர் பெற்றன. வைரி என்பது வேட்டைப் பறவையொன்றின் பெயர். பகைவன் என்பதும் அச்சொல்லின் பொருள். பெயர் வைத்த அதிகாரிக்கு அந்த இரண்டாம் பொருள் தெரிந்திருக்குமோ என்னவோ, சூலூரைச் சுற்றியிருந்த ஊர் மக்களுக்குத் தெரிந்திருக்கும். நம் பாட்டி ஆகாசக் கப்பல் என்றார். கடற்படையோ தரையையே கப்பல் என்றது. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரின் சொல்லும் ஏகாதிபத்தியத்தின் பதிவேடும் ஏதோ ஓரிடத்தில் ஒத்துப்போவதைக் கண்டு புன்னகைக்காமல் இருக்க முடியவில்லை.

*சூலூரில் எரிந்த நெருப்பு*

ஆனால் எல்லாரும் கூடையைச் சுமந்துகொண்டு சும்மா இருக்கவில்லை. 1942 ஆகஸ்ட் மாதம் 'வெள்ளையனே வெளியேறு' என்ற முழக்கம் எழுந்தது. காந்தியடிகளும் தலைவர்களும் ஒரே இரவில் சிறைப்பட்டனர். ஆகஸ்ட் 26 அன்று இரவில், அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த சூலூர் விமானத்தளத்தின் கொட்டகைகளுக்கும் லாரிகளுக்கும் சுற்றுப்புறத்து இளைஞர்கள் தீ வைத்தனர். அதன்பின் அவ்வட்டாரக் கிராமங்கள் பட்ட பாடு சொல்லி முடியாது. வீடு வீடாகத் தேடல், அடி உதை, கைது எனத் தொடர்ந்து, பலர் பெல்லாரியை அடுத்த அலிபுரம் சிறைக்கு அனுப்பப்பட்டனர்.

நம் திருநெல்வேலிச் சீமையும் அமைதியாக இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் குலசேகரன்பட்டினம் உப்பளத்தில் நடந்த மோதலில் ஆங்கில அதிகாரி ஒருவர் கொல்லப்பட்டார். இளைஞர் இருவருக்குத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. பின்னரே அது குறைக்கப்பட்டது.

இவ்விடத்தில் நமக்கு ஒரு தயக்கம் எழுகிறது. தளத்தை எரித்தவர்களை வீரர் என்கிறோம்; சரியே. அப்படியானால் அதற்குக் கல் சுமந்தவர்கள் யார்? துரோகிகளா? அன்று மாலை அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகக் கூடையைத் தூக்கியவரை அப்படி அழைக்க எந்த நெஞ்சம் துணியும்? வரலாற்று நூல்கள் எரித்தவர்களை ஓரிரு வரிகளிலேனும் குறிக்கின்றன. கட்டியவர்களைக் குறிப்பதே இல்லை. வீரத்துக்குப் பெயர் உண்டு, பசிக்குப் பெயர் இல்லை.

*இரு பேரரசுகள், ஒரே கைகள்*

கடலின் மறுபக்கத்தையும் நோக்க வேண்டும். இரங்கூன் வீழ்ந்தபோது பர்மாவில் இருந்த இந்தியர்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பல் கிடைக்காதவர்கள் காடும் மலையும் கடந்து நடந்தே வந்தனர். வழியில் பசியாலும் நோயாலும் மடிந்தோர் பல்லாயிரவர். வந்து சேர்ந்தவர்களிலும் சேராதவர்களிலும் தமிழர் ஏராளம்.

மலேயாவில் தங்கிவிட்ட தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களை ஜப்பானியர் வேறொரு வேலைக்குக் கொண்டு சென்றனர். சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீள இரயில் பாதையை அவர்கள் 1942 முதல் 1943 அக்டோபர் வரையான காலத்தில் அமைத்தனர். அதற்குச் 'சயாம் மரண இரயில் பாதை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அங்கே சென்ற தமிழர்களில் பல்லாயிரவர் திரும்பவில்லை. அதே மலேயாவிலும் சிங்கப்பூரிலும், 1943 சூலையில் வந்திறங்கிய நேதாஜியின் அழைப்பைக் கேட்டு இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர்களிலும் தமிழர் மிகுதி. தோட்டத்துப் பெண்கள் சான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர்.

ஒரே ஊர், ஒருவேளை ஒரே குடும்பம். அக்காள் ஆங்கிலேயனின் ஓடுபாதைக்குச் சரளை சுமந்திருப்பாள். தம்பி ஜப்பானியனின் இரயில் பாதைக்குக் கட்டை சுமந்திருப்பான். இரண்டும் ஒன்றென்று நாம் சொல்லவில்லை. இங்கே கூலி இருந்தது. அங்கே சாவு இருந்தது. எனினும் இரு பேரரசுகளும் மோதிக்கொண்டபோது, இரண்டுக்கும் அடித்தளம் போட்டவை ஒரே மக்களின் கைகள். போரை அறிவித்தபோது எவரும் அவர்களைக் கேட்கவில்லை. போர் முடிந்தபோது எவரும் அவர்களுக்கு நன்றி சொல்லவுமில்லை.

*கயத்தாற்றுக் கற்கள்*

கயத்தாறு என்றதும் தமிழர் நெஞ்சில் முதலில் எழும் பெயர் வீரபாண்டிய கட்டபொம்மன். 1799 அக்டோபர் 16 அன்று, மேஜர் பானர்மனின் ஆணைப்படி கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டது இவ்வூரில்தான். அவ்விடத்தைக் கடந்து செல்லும் வழிப்போக்கர் ஒவ்வொருவரும் ஒரு கல்லைப் போட்டுவிட்டுச் செல்வார்கள் என்றும், அது பெருங்குவியலாக வளர்ந்தது என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. சிலை வைக்க உரிமையில்லாத மக்கள், தங்கள் வழியில் வைத்த நினைவுச் சின்னம் அது. யோர்தானைக் கடந்த இஸ்ரயேலர் ஆற்றிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டியதும், பிற்காலத்தில் பிள்ளைகள் அக்கற்களைக் காட்டிக் கேட்பார்கள் என்பதற்காகவே என்று யோசுவா நூல் சொல்லுகிறது. கல் பேசாது, கேட்கும் பிள்ளையும் சொல்லும் பெரியவரும் இருந்தால்தான் பேசும்.

கட்டபொம்மன் மறைந்து ஏறத்தாழ 143 ஆண்டுகளுக்குப் பின், அதே ஆங்கில அரசு அதே கயத்தாற்றில் மீண்டும் கல்லைக் குவித்தது. இம்முறை பயந்தது அது. ஒருகாலத்தில் இம்மண்ணின் தலைவனைத் தூக்கிலிட்டு ஆட்சியை நிலைநாட்டிய வல்லரசு, அதே மண்ணின் ஏழைப் பெண்கள் சுமக்கும் சரளையின் மீது தன் பாதுகாப்பை வைக்க நேர்ந்தது. கட்டபொம்மனுக்கு இன்று கயத்தாற்றில் நினைவிடம் உண்டு. சரளை சுமந்தவர்களுக்கு அந்தச் சரளையே நினைவிடம்.

இத்தனைக்கும் பிறகு நடந்தது என்ன? ஜப்பானியக் கப்பற்படை மீண்டும் இந்தப் பக்கம் வரவில்லை. 1942 ஏப்ரலோடு அது பசிபிக் பெருங்கடலுக்குத் திரும்பிவிட்டது. போரின் முடிவு இம்பாலிலும் கோகிமாவிலும் பசிபிக் தீவுகளிலும் எழுதப்பட்டது. தென்னகத் தளங்கள் கடற்காவலுக்கும் பயிற்சிக்கும் பழுதுபார்ப்புக்கும் பயன்பட்டன. ஜப்பான் சரணடைந்த செய்தி வந்த நாள் 1945 ஆகஸ்ட் 15. கயத்தாற்றிலிருந்து அதிகத் தொலைவில்லாத காமநாயக்கன்பட்டியில் அது பரலோக அன்னையின் விண்ணேற்புப் பெருவிழா நாள். வீரமாமுனிவர் பணிசெய்த அந்தப் பழம்பெரும் மறைத்தளத்தில் ஆண்டுதோறும் தேர் இழுக்கக் கூடும் மக்களில், எத்தனை பேர் அதற்கு முன் இரண்டு மூன்று ஆண்டுகளாகக் கல் இழுத்தவர்களோ! சரியாக ஈராண்டு கழித்து, அதே பெருவிழா நாளில் நாடும் விடுதலை பெற்றது.

*தளங்களின் பிற்காலம்*

வாள்கள் கலப்பைக் கொழுக்களாகும் காலத்தை இறைவாக்கினர் எசாயா கண்டார். நம் விமானத்தளங்களுக்கு என்ன நேர்ந்தது? விடை கலவையானது. சோழவரத்து ஓடுபாதையில் 1950களிலிருந்து 1980களின் இறுதிவரை மோட்டார் பந்தயங்கள் நடைபெற்றன. சென்னை இளைஞர்கள் ஆண்டுதோறும் அங்கே திரண்டனர். சூலூரும் தாம்பரமும் இந்திய விமானப்படையின் தளங்களாயின. அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 அன்று இந்தியக் கடற்படையின் 'இராஜாளி' தளம் தொடங்கப்பட்டது. உச்சிப்புளியில் 2009இல் 'பருந்து' தளம் அமைந்தது. ஆங்கிலேயன் தொடங்கிய பறவைப் பெயர்களை நாமும் விடவில்லை. தஞ்சாவூர் 2013இல் முழுமையான விமானப்படை நிலையமாகி, 2020 சனவரியில் சுகோய் போர் விமானப் பிரிவைப் பெற்றது.

ஆக, ஈட்டிகள் எல்லாம் அரிவாள்களாகிவிடவில்லை. எனினும் 2004 டிசம்பர் 26 அன்று கடல் பொங்கி வந்தபோது, தாம்பரம் தளத்திலிருந்து அந்தமான் நிக்கோபார்த் தீவுகளுக்கு மருந்தும் உணவும் சுமந்து விமானங்கள் பறந்ததையும் மறக்கலாகாது. குண்டு சுமந்து எழுவதற்காகப் போட்ட பாதை, கஞ்சி சுமந்து எழுவதற்கும் உதவும். பாதை குற்றம் செய்வதில்லை. அதில் ஓடவிடுபவர்கள் செய்கிறார்கள்.

கயத்தாற்றுக்கு மட்டும் போர்ப் பறவைகள் திரும்பவில்லை. மாறாக, காற்றாலைகள் வந்தன. இன்று தேசியக் காற்றாற்றல் நிறுவனம் எனப்படும் அமைப்பு, டென்மார்க் நாட்டின் உதவியோடு, காற்றாலைகளைச் சோதித்துச் சான்றளிக்கும் நிலையத்தைக் கயத்தாற்றில் அமைத்தது. விமானம் காற்றை எதிர்த்து எழும். காற்றாலையோ காற்றுக்கு முகம் கொடுத்து நின்ற இடத்திலேயே சுழலும். செங்கோட்டைக் கணவாய் வழியே வரும் அந்தக் காற்று நம் வீடுகளில் விளக்காக எரிகிறது. இதற்காகவும் நிலங்கள் கை மாறின. அவற்றை விற்ற உழவர் குடும்பங்களின் கதையும் ஒருநாள் எழுதப்பட வேண்டியதே. அதையும் நாம் கேட்காமல் விட்டுவிடக் கூடாது.

*இனிச் செய்யக் கூடியது*

1943இல் பத்து வயதாயிருந்தவருக்கு இன்று தொண்ணூறு கடந்துவிட்டது. அவர்களில் சிலர் இன்னும் நம் பங்குகளில் இருக்கிறார்கள். திண்ணைகளில், கயிற்றுக் கட்டில்களில், மருமகளின் அடுப்படிக்குப் பக்கத்தில். தாய் கூடையோடு விடியலில் புறப்பட்டதை அவர்கள் பார்த்திருப்பார்கள். முதல் விமானம் இறங்கியபோது ஆடுமாடுகள் மிரண்டோடியதைச் சிலர் நினைவு வைத்திருக்கலாம். பர்மாவிலிருந்து நடந்து வந்த மாமன் என்ன கொண்டுவந்தார், என்ன இழந்து வந்தார் என்பது அவர்களுக்குத் தெரியும். இன்னும் ஐந்தாறு ஆண்டுகள் போனால் சொல்ல ஆளிருக்காது.

பெரிய ஆராய்ச்சி எதுவும் வேண்டியதில்லை. பங்கின் இளைஞர் இருவர், நாற்பது பக்க நோட்டு ஒன்று, ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் போதும். 'பிளேன் இறங்கின காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள் பாட்டி?' என்ற ஒரு கேள்வி போதும். அவர்கள் சொல்லுவதை அவர்கள் சொல்லும் தமிழிலேயே எழுதி, பங்கு இல்லத்தில் திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் வைத்தால் போதும்.

நம் தற்போதைய பங்கில், அடக்கப் பதிவேட்டின் ஓரத்தில் ஒரு வழக்கத்தைத் தொடங்கியிருக்கிறோம். மறைந்தவர் வாழ்நாளில் செய்த வேலையை ஒரு வரியில் எழுதிவிடுகிறோம்: பீடி சுற்றினார், வயலில் நாற்று நட்டார், குற்றாலத்தில் பழக்கடை வைத்திருந்தார். அந்தப் பழைய பங்கின் பதிவேட்டில் நாம் எழுதாமல் விட்ட வரியைப் பிறருடைய ஏட்டில் இனிப் போய் எழுத முடியாது. ஆகவே இங்கே எழுதுகிறோம்: அவர் கல் சுமந்தார்.